லினக்ஸ் கணிப்பொறிக்கு நம்பகமான கோப்பு முறைமை



ஊரை விட்டு வந்து தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ குடியிருக்கும் நம்மவர் வீடுகளில் முன்பெல்லாம் ஒரு தகரப் பெட்டி இருக்கும். நிலப் பத்திரம், சாதகக் குறிப்பு, கல்யாணப் படங்கள், பள்ளிச் சான்றிதழ்கள் ஆகிய யாவும் அதற்குள் அடங்கியிருக்கும். இன்று அந்தப் பெட்டியின் வேலையைக் கணிப்பொறி ஏற்றுக்கொண்டுவிட்டது. தகரப் பெட்டிக்கு ஒரு பூட்டு இருந்தால் போதும். கணிப்பொறிக்கோ, உள்ளே எது எங்கே இருக்கிறது என்று அறிந்து வைத்திருக்கும் கணக்கன் ஒருவன் வேண்டும். அந்தக் கணக்கனுக்குக் கோப்பு முறைமை என்று பெயர். லினக்ஸ் கணிப்பொறியில் அவனைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம்முடையது. எவனைத் தேர்வது என்பதே இன்றைய பேச்சு.

லினக்ஸ் என்பது 1991-ஆம் ஆண்டு பின்லாந்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்து, பின்னர் உலகெங்குமுள்ள பலர் கூடி வளர்த்த இயங்குதளம். விலை கொடுக்க வேண்டுவதில்லை. பழைய பொறியிலும் ஓடும். கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் இதைக் கொண்டுதான் கணிப்பொறி பழகுகிறார்கள். சென்னையிலுள்ள சி-டாக் அலுவலகத்தில் உருவான ‘பாஸ்’ என்னும் இந்திய இயங்குதளமும் லினக்ஸ் வகையைச் சேர்ந்ததே. இதனைப் புதிதாக ஒரு பொறியில் நிறுவும்பொழுது, வட்டைப் பிரிக்கும் கட்டத்தில், எந்தக் கோப்பு முறைமை வேண்டும் என்று ஒரு கேள்வி வரும். ஐந்தாறு பெயர்கள் வரிசையாக நிற்கும். நம்மில் பலர் அதைப் படிக்காமலே ‘தொடர்க’ என்னும் பொத்தானை அழுத்திவிடுகிறோம். நாமும் அங்ஙனம் அழுத்தியவர்களே. அதனால் நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம்.

2009-இல் ஊருக்குச் சென்றிருந்தபோது, பாட்டியார் தொட்டிலருகே அமர்ந்து பாடிய தாலாட்டை ஒலிப்பதிவு செய்து வந்தோம். ஏறக்குறைய நாற்பது நிமிடப் பதிவு. அதனைக் கணிப்பொறியில் வைத்தோம். வெளிவட்டுகள் இரண்டில் ஆண்டுதோறும் தவறாமல் படியும் எடுத்து வந்தோம். பாட்டியார் காலமாகி ஓராண்டு நிறைந்த சமயத்தில் அந்தக் குரலைக் கேட்க விரும்பிப் பதிவைத் திறந்தோம். பதினோராம் நிமிடத்தில் குரல் அறுந்தது. அதற்குப் பின் வெறும் இரைச்சல். பதறிப் போய் மற்ற இரண்டு வட்டுகளையும் எடுத்துப் பார்த்தோம். அவற்றிலும் அதே இடத்தில் அதே இரைச்சல். மூலம் எப்பொழுதோ பழுதாகியிருக்கிறது. அந்தப் பழுதையே நாம் ஆண்டுதோறும் உண்மையாகப் படியெடுத்து, நல்ல படியின்மேல் எழுதி வந்திருக்கிறோம். பழுது வட்டிலா, கம்பியிலா, நினைவகத்திலா, எங்கே நேர்ந்தது என்று இன்றும் சொல்ல இயலவில்லை. நிலப் பத்திரத்தின் படி கெட்டிருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து வேறொரு நகல் பெற்றிருக்கலாம். தாலாட்டுக்கு எந்த அலுவலகத்தில் மனுக் கொடுப்பது?

இதில் நம்மை மிகவும் உறுத்தியது, கணிப்பொறி ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை என்பதுதான். எச்சரிக்கை இல்லை, பிழைச் செய்தி இல்லை. கெட்ட கோப்பை நல்ல கோப்பு என்றே அது நமக்கு எடுத்துக் கொடுத்தது. நம்பகமான கோப்பு முறைமை எது என்று அன்றிலிருந்துதான் நாம் விசாரிக்கத் தொடங்கினோம்.

கோப்பு முறைமை செய்யும் வேலையை விளங்கிக்கொள்ள ஒரு மண்டிக் கிட்டங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். கிட்டங்கியில் எண்ணிட்ட இடங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஒவ்வோரிடத்திலும் ஒரு மூட்டை வைக்கலாம். எந்த வியாபாரியின் சரக்கு எந்தெந்த எண்ணுள்ள இடங்களில் கிடக்கிறது என்று கணக்குப்பிள்ளை பேரேட்டில் எழுதி வைக்கிறார். எந்த இடங்கள் காலி என்பதற்கு மற்றொரு பட்டியலும் உண்டு. வட்டும் அத்தகைய கிட்டங்கியே. கோப்பின் உள்ளடக்கம் மூட்டை. பெயர், அளவு, தேதி, இருக்குமிடம் முதலிய விவரங்கள் பேரேடு. பேரேடு போய்விட்டால் மூட்டைகள் அப்படியே இருந்தும் பயனில்லை. எது எவருடையது என்று யாருக்கும் தெரியாது.

கிட்டங்கிக்கு இரண்டு வகையான இடர் உண்டு. கணக்குப்பிள்ளை பாதி எழுதிக் கொண்டிருக்கும்போதே விளக்கு அணைந்துவிடுவது ஒன்று. யாரும் அறியாமல் மூட்டைக்குள் சரக்கு கெட்டுப்போவது மற்றொன்று. லினக்ஸின் கோப்பு முறைமைகள் எல்லாம் முதல் இடரைத் தீர்க்கப் பாடுபட்டன. இரண்டாவதைத் தீர்க்க முயன்றவை சிலவே.

விளக்கு அணைவதை முதலில் பார்ப்போம். கோடைக்காலத்தில் மின்தடை என்பது நம் நாட்டில் எந்த மாநிலத்திலும் புதிதன்று. ஒரு கோப்பைச் சேமிக்கும்போது காலியிடப் பட்டியல் மாறவேண்டும், பேரேடு மாறவேண்டும், சரக்கும் இடத்தில் சேரவேண்டும். இவை ஒரே கணத்தில் நடப்பவை அல்ல. நடுவில் மின்சாரம் போனால், ஓரிடம் காலி என்று ஒரு பட்டியலும், காலியில்லை என்று மற்றொன்றும் சாதிக்கும். லினக்ஸின் தொடக்க நாட்களில் அதற்கெனத் தனிக் கோப்பு முறைமை இல்லை. மினிக்ஸ் என்னும் வேறோர் இயங்குதளத்தின் முறையை இரவல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதில் 64 மெகாபைட்டுக்கு மேல் வைக்க முடியாது. 1992-இல் ‘எக்ஸ்ட்’ என்னும் முறைமையும், 1993-இல் ‘எக்ஸ்ட்-2’ என்பதும் வந்தன. எக்ஸ்ட்-2 உழைப்பாளி, ஆனால் மின்தடைக்குப் பின் பொறியைத் திறந்தால், கிட்டங்கி முழுவதையும் முதல் மூட்டையிலிருந்து கடைசி மூட்டை வரை சரிபார்த்த பிறகே வேலைக்கு வரும். வட்டுகள் பெருகப் பெருக இந்தச் சரிபார்ப்பும் நீண்டு, அலுவலகங்களில் காலை வேளை முழுவதும் இதிலேயே கழிந்ததுண்டு.

இதற்குக் கண்ட பரிகாரம் நம் நாட்டுக் கடைக்காரர்களுக்குப் பழக்கமானதே. பேரேட்டில் கை வைப்பதற்கு முன் சிட்டையில் எழுதுவது. ‘இன்ன இடத்தை இன்னாருக்குக் கொடுக்கப் போகிறேன்’ என்று சிட்டையில் எழுதி முடித்த பிறகே கணக்குப்பிள்ளை பேரேட்டைத் திருத்துவார். நடுவில் விளக்கு அணைந்தால், மறுபடி ஏற்றியவுடன் சிட்டையின் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தால் போதும். முழுமையாக எழுதப்பட்ட பதிவு இருந்தால் பேரேட்டில் ஏற்றிவிடுவார். அரைகுறையாக நின்றதை அடித்துவிடுவார். கிட்டங்கி முழுவதையும் சுற்றிவர வேண்டியதில்லை. 2001-இல் லினக்ஸின் கெர்னலில் சேர்ந்த ‘எக்ஸ்ட்-3’ இந்தச் சிட்டையைக் கொண்டுவந்தது. அதன் வாரிசான ‘எக்ஸ்ட்-4’ 2008-ஆம் ஆண்டு இறுதியில் முதிர்ந்ததாக அறிவிக்கப்பட்டது. உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட் ஆகியவை நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் இன்றும் எக்ஸ்ட்-4 முறையையே அமைக்கின்றன.

ஆனால் சிட்டை எதற்கு உறுதி தருகிறது என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். எக்ஸ்ட்-4 வழக்கமான அமைப்பில் பேரேட்டு மாற்றங்களை மட்டுமே சிட்டையில் எழுதுகிறது, சரக்கை எழுதுவதில்லை. சரக்கு இடம் சேர்ந்த பின்புதான் பேரேடு மாறும் என்ற வரிசையை மட்டும் அது காக்கிறது. ஆகவே மின்தடைக்குப் பின் கிட்டங்கி ஒழுங்காக இருக்கும். கடைசிச் சில விநாடிகளில், சில வேளை அரை நிமிடம் வரையில், நீங்கள் எழுதியது மட்டும் இல்லாமற் போகலாம். இதையறியாமல் பலர் ஏமாந்ததுண்டு. 2009-இல் ஒரு பெரிய சர்ச்சையே மூண்டது. எக்ஸ்ட்-4 வேகத்தின் பொருட்டு, சரக்கை எங்கே வைப்பதென்ற முடிவைச் சற்றுத் தள்ளிப் போடும் வழக்கமுடையது. அந்த இடைவெளியில் பொறி நின்றுபோன சிலருடைய கணிப்பொறிகளில், மறுபடி திறந்தபோது கோப்புகளின் பெயர் இருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. எக்ஸ்ட்-4 முறையைப் பேணி வந்த தியடோர் சோ, ‘வட்டில் சேர்ந்துவிட்டதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளும் கட்டளை இருக்கிறது, மென்பொருள் எழுதுவோர் அதைப் பயன்படுத்தவில்லை’ என்னும் கருத்தை விளக்கினார். விதிப்படி அது சரியே. ஆயினும் கோப்பை இழந்தவனுக்கு விதி ஆறுதல் தருமா? கடைசியில், பழைய கோப்பின் இடத்தில் புதியது வைக்கப்படும் தருணங்களில் சரக்கை உடனே இறக்கிவிடுமாறு அவரே திருத்தமும் செய்தார். இரண்டையும் செய்தது அவருக்குப் பெருமையே என்பது நமது எண்ணம்.

இத்தகைய அடிகள் பட்டுத் தேறிய காரணத்தால்தான் எக்ஸ்ட்-4 நம்பத்தக்கதாக இருக்கிறது. அதில் புதுமை குறைவு. வேண்டுமென்றே குறைவு. உலகில் மிகப் பலர் அதைப் பயன்படுத்துவதால் குறை எங்கிருந்தாலும் விரைவில் வெளிப்படுகிறது. பழுது பார்க்கும் கருவி நெடுங்காலமாகத் தேய்ந்து பழகியது. பொறி அறவே திறக்காமற் போனாலும், எந்த லினக்ஸ் பென்டிரைவைக் கொண்டும் அந்த வட்டைப் படிக்கலாம். அண்டை வீட்டுக் கல்லூரி மாணவன் கூட உதவக்கூடும். மொழி தெரியாத ஊரில், நம்பிக்கையான பழுது பார்ப்பவரைத் தேடி அலையும் நம்மவர்க்கு இது சிறிய நன்மையன்று.

எனினும் நமது தாலாட்டைத் தின்றது முதல் இடர் அன்று, இரண்டாவது. மூட்டைக்குள் சரக்கு கெட்டதை எக்ஸ்ட்-4 அறியாது. அதன் புதிய அமைப்புகள் பேரேட்டின் பக்கங்களைச் சரிபார்த்துக் கொள்கின்றன; மூட்டையைத் திறந்து பார்ப்பதில்லை. வட்டு எதைக் கொடுத்ததோ அதையே நமக்குக் கொடுத்துவிடும்.

இதற்கு ஒரு வழியைச் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் கண்டார்கள். அவர்கள் 2005-இல் வெளியிட்ட இசட்.எஃப்.எஸ். என்னும் முறைமையில், ஒவ்வொரு மூட்டையையும் உள்ளே வைக்கும்போதே எடை போட்டு, எடையைப் பேரேட்டில் எழுதிவிடுகிறார்கள். வெளியே எடுக்கும்போது மறுபடியும் எடை போடுகிறார்கள். எடை ஒத்துவராவிட்டால் சரக்கைக் கொடுப்பதில்லை. ‘எடை’ என்று நாம் சொல்வது, கோப்புத் துண்டின் எழுத்துகளையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்ட ஓர் எண். ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். சரிபார்ப்புத் தொகை என்று அதனைக் கூறலாம். ஒரே சரக்கை இரண்டு வட்டுகளில் வைத்திருந்தால், கெட்ட மூட்டையை விலக்கி, நல்ல வட்டிலிருந்து எடுத்துக் கொடுத்து, கெட்ட இடத்தையும் அதுவே திருத்திவிடும். மேலும், இருக்கும் மூட்டையின்மேல் புதியதைக் கொட்டும் வழக்கமே அதற்கு இல்லை. புதிய சரக்கைக் காலியிடத்தில் வைத்த பின்புதான் பேரேட்டின் பக்கத்தை மாற்றும். ஆகவே விளக்கு எப்பொழுது அணைந்தாலும் பழைய பக்கமாவது புதிய பக்கமாவது முழுமையாக நிற்கும்.

இத்தனை சிறப்பும் உள்ள இசட்.எஃப்.எஸ். லினக்ஸின் கெர்னலுக்குள் இல்லை. காரணம் தொழில்நுட்பம் அன்று, உரிமம். இரண்டும் வெளியிடத் தந்தவையே. ஆனால் ஒன்றின் உரிம விதி மற்றொன்றின் விதியோடு ஒத்துப் போவதில்லை என்பது பலர் கருத்து. அதனால் அது வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்ளும் துணைப்பொருளாகவே இருக்கிறது. கெர்னல் புதுப்பிக்கப்படும்போது துணைப்பொருள் பின்தங்கிவிட்டால், ஒரு நாள் காலையில் வட்டே திறக்காமற் போகலாம். உபுண்டு 2016 முதல் அதையும் தன்னோடு சேர்த்தே தருகிறது.

கெர்னலுக்குள்ளேயே இருந்துகொண்டு எடை போடத் தெரிந்த கணக்கன் ஒருவன் உண்டு. பி.டி.ஆர்.எஃப்.எஸ். என்று எழுதுவார்கள்; ‘பட்டர்’ என்று வெண்ணெயின் பெயரால் அழைப்பாரும் உளர். நாமும் பட்டர் என்றே சொல்வோம். ஆரக்கிள் நிறுவனத்தில் கிறிஸ் மேசன் என்பார் 2007-இல் தொடங்கியது. 2009-இல் கெர்னலில் சேர்ந்தது. ஓப்பன்சூசே 2014-லும், ஃபெடோரா 2020-லும் இதனைத் தங்கள் வழக்கமான முறைமையாக ஏற்றன. வேடிக்கை என்னவென்றால், ஃபெடோராவைப் பேணும் ரெட் ஹாட் நிறுவனம் தனது வணிகப் பதிப்பிலிருந்து 2019-இல் இதை நீக்கிவிட்டது. தாய் வீட்டில் இடமில்லை. பிள்ளை வீட்டில் நடுக்கூடத்தில் இடம்! இதைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. வணிக நிறுவனம் பல ஆண்டுக் காலம் பராமரிக்கத் தன்னிடம் ஆள் உண்டா என்று பார்க்கிறது. நாம் நம் வீட்டுக்குப் பொருந்துமா என்று பார்க்கிறோம்.

பட்டர் முறைமையில் ஒரே வட்டு இருந்தாலும், கெட்ட கோப்பைத் திறக்கச் சொன்னால் ‘படிக்க இயலவில்லை’ என்று மறுத்துவிடும். முதற்பார்வைக்கு இது குறைபோலத் தோன்றும். நேயர்கள் நமது தாலாட்டை நினைத்துப் பாருங்கள். பழுதான அந்த ஆண்டிலேயே கணிப்பொறி படியெடுக்க மறுத்திருந்தால், சென்ற ஆண்டின் நல்ல படி வெளிவட்டில் அப்படியே தப்பியிருக்கும். கெட்டதை நமக்குச் சொல்லும் கணக்கன், கெடாமற் காப்பதாகச் சொல்லும் கணக்கனைக் காட்டிலும் மேலானவன் என்று நாம் கற்றுக்கொண்டது இவ்வாறுதான்.

அதற்காகப் பட்டரை மாசற்றது என்று சொல்ல மாட்டோம். பல வட்டுகளைச் சேர்த்து, இடத்தைச் சிக்கனப்படுத்தும் ‘ரெய்டு-5’, ‘ரெய்டு-6’ அமைப்புகளை அதில் பயன்படுத்த வேண்டாமென்று அதை உருவாக்குவோரே எச்சரித்து வந்திருக்கிறார்கள். இரண்டு வட்டுகளில் ஒரே சரக்கை வைக்கும் எளிய அமைப்போடு நின்றுகொள்வதே நல்லது. வட்டு நிரம்பி வழியுமாறும் விடக்கூடாது. புதியதை எப்பொழுதும் காலியிடத்தில் வைக்கும் முறையாதலால், காலியிடம் அற்றுப்போனால் அது திணறும். விலை மலிவான சில வெளிவட்டுப் பெட்டிகள் சரக்கு இறங்காமலே இறங்கிவிட்டதாகப் பதில் சொல்லும். அத்தகைய பொய்யை எக்ஸ்ட்-4 ஓரளவு பொறுத்துக்கொண்டு, பழுது பார்த்த பின் மிச்சத்தையாவது கொடுக்கும். பட்டர் சில வேளை கிட்டங்கிக் கதவையே திறக்க மறுத்துவிடும்.

வேறு பெயர்களையும் பட்டியலில் காண்பீர்கள். எக்ஸ்.எஃப்.எஸ். என்பது சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தில் 1990-களில் பிறந்தது. பெரிய பெரிய கோப்புகளைக் கையாள்வதில் வல்லது. ரெட் ஹாட் 2014 முதல் இதையே முதன்மையாகக் கொள்கிறது. திரைப்படத் தொகுப்பு போன்ற தொழில் செய்வோர்க்கு ஏற்றது. ஆனால் ஒருமுறை கொடுத்த இடத்தைப் பின்னால் சுருக்குவது அதில் எளிதன்று. எக்ஸ்ஃபேட் என்பது பென்டிரைவுக்கும் ஒளிப்படக் கருவிக்கும் உரியது. எல்லாப் பொறிகளிலும் படிக்கலாம் என்பது அதன் நன்மை. சிட்டை இல்லை என்பது அதன் குறை. கோப்பைக் கொண்டுபோக அது வண்டி. குடிவைக்க அது வீடன்று.

பட்டியலில் இல்லாத பெயர்களும் நமக்குப் பாடம் சொல்கின்றன. ரெய்சர்-எஃப்.எஸ். என்பது 2001-இல் லினக்ஸில் சேர்ந்து, சூசே முதலியவற்றில் முதலிடம் பெற்றுத் திகழ்ந்தது. பேணுவார் குறைந்தமையால் வாடி, 2025-இல் வெளிவந்த 6.13 கெர்னலிலிருந்து அறவே நீக்கப்பட்டது. பி-கேஷ்-எஃப்.எஸ். என்னும் புதிய முறைமை 2024-இல் 6.7 கெர்னலில் மிக்க எதிர்பார்ப்போடு நுழைந்தது; அதை எழுதியவருக்கும் கெர்னல் பொறுப்பாளர்களுக்கும் நடைமுறை பற்றி ஒத்துவராமல், 2025-லேயே வெளியே போயிற்று. முறைமை எத்துணை நுட்பமானதாயினும், அதைப் பேணுவோர் எத்தனை பேர், எத்தனை காலமாக இருக்கிறார்கள் என்பதே வீட்டுக்காரன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

அப்படிப் பலர் பேணும் முறைமைகளும் தவறாதவை அல்ல. 2023-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களை இதற்குச் சான்றாகச் சொல்லலாம். நவம்பரில், எடை போடுவதில் பேர்பெற்ற இசட்.எஃப்.எஸ். முறைமையிலேயே, கோப்பைப் படியெடுக்கும்போது சில பகுதிகள் வெறுமையாகிவிடும் பிழை ஒன்று வெளிப்பட்டு, அம்மாத இறுதிக்குள் திருத்தப்பட்டது. சரக்கு உள்ளே வருமுன்பே தவறினால், எடையும் தவறான சரக்கின் எடையாகத்தானே இருக்கும்? அடுத்து டிசம்பரில், அடக்கத்திற்குப் பேர்பெற்ற எக்ஸ்ட்-4 முறைமையில் ஒரு பிழை. புதிய கெர்னலுக்குரிய திருத்தம் ஒன்றை 6.1 வரிசைக்குக் கொண்டுவந்தபோது, அதற்குத் துணையான மற்றொன்று விடுபட்டுப் போயிற்று. டெபியன் குழுவினர் தாங்கள் வெளியிட இருந்த 12.3 பதிப்பை நிறுத்திவிட்டு, சரிசெய்த 12.4 பதிப்பை மறுநாளே வெளியிட்டனர். இரண்டு குழுவினரும் உள்ளதை மறைக்காமல் உடனே உலகறியச் சொன்னார்கள்.

இந்த நிகழ்ச்சிகளிலிருந்து நாம் ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டோம். மூலம் ஒரு முறைமையில் இருந்தால், படி வேறொரு முறைமையில் இருக்க வேண்டும். வீட்டிலுள்ள கணிப்பொறியில் எக்ஸ்ட்-4. படங்களும் பதிவுகளும் தங்குவதற்கென வைத்துள்ள பெட்டியில் இரண்டு வட்டுகளோடு பட்டர். ஒன்றில் பிழை நேர்ந்தாலும் அதே பிழை அதே நாளில் மற்றொன்றிலும் நேராது. மாதம் ஒருமுறை பட்டர் பெட்டியில் எல்லா மூட்டைகளையும் எடை போட்டுப் பார்க்கும் ‘ஸ்க்ரப்’ என்னும் சோதனையை நடத்துகிறோம். இரவில் தொடங்கினால் விடிவதற்குள் முடிந்துவிடும். முடிவில் ‘பிழை இல்லை’ என்று வரும் ஒரு வரிக்காக அத்தனையும்.

ஒரே ஒரு மடிக்கணினி மட்டும் உடையவர்கள் எக்ஸ்ட்-4 முறையையே வைத்துக்கொள்ளலாம், மாற்ற வேண்டுவதில்லை. எடையை மட்டும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கோப்பிற்கும் எஸ்.எச்.ஏ.-256 என்னும் சரிபார்ப்புத் தொகையைக் கணக்கிட்டுப் பட்டியலாகத் தரும் கட்டளை எல்லா லினக்ஸிலும் உண்டு. அந்தப் பட்டியலைக் கோப்புகளோடு சேர்த்து வைத்து, அடுத்த முறை படியெடுப்பதற்கு முன் ஒத்துப் பார்த்தால், பழுதான கோப்பின் பெயரை அதுவே காட்டிக் கொடுக்கும். பழைய படியை அழிக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள், பின் அன்று.

தமிழில் கோப்புக்குப் பெயரிடுவோர்க்கு ஒரு சொல். எக்ஸ்ட்-4, எக்ஸ்.எஃப்.எஸ்., பட்டர் ஆகிய மூன்றிலும் கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மேற்படக்கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று. புள்ளிக்கும் கொம்புக்கும் தனிக் கணக்கு. ‘நிலப்பத்திரம்’ என்பது நமக்கு எட்டெழுத்து. கணிப்பொறிக்கு 39 பைட். விண்டோஸ் கணிப்பொறியில் நீளமாகப் பெயரிட்டு வைத்த கோப்பை லினக்ஸுக்குக் கொண்டுவரும்போது ‘பெயர் நீளம்’ என்று அது மறுப்பது இதனாலேயே. பல கோப்புகளைச் சேர்த்துப் படியெடுக்கும்போது இப்படி மறுக்கப்பட்ட ஒன்று விடுபட்டுப் போனதை நாம் கவனியாமல் இருந்துவிடுவதுண்டு. ‘தாத்தா சஷ்டியப்தபூர்த்தி குடும்பத்தார் அனைவரும் கோயில் வாசலில் எடுத்துக்கொண்ட படம்’ என்றெல்லாம் பெயர் வைக்கும் பழக்கமுள்ளவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். ‘கொ’ போன்ற எழுத்தை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. வழக்கமான அமைப்பில் கோப்பு முறைமைக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் நிற்பதைக் கண்டு திகைக்க வேண்டாம். அவசரப்பட்டு ஒன்றை அழிக்கவும் வேண்டாம்.

இனி, வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இயல்பாக வாய்த்த ஒரு வசதியைச் சொல்ல வேண்டும். நமக்கு இரண்டு ஊர் உண்டு. தீயோ வெள்ளமோ திருட்டோ வந்தால் ஒரே வீட்டிலுள்ள மூன்று வட்டுகளும் ஒன்றாகப் போகும். எந்தக் கோப்பு முறைமையும் அதைத் தடுக்காது. பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ ஊருக்குப் போகும்போது ஒரு வட்டைக் கையோடு கொண்டுபோய், அண்ணன் வீட்டு அலமாரியிலோ தங்கை வீட்டிலோ வைத்துவிட்டு, சென்ற முறை வைத்ததைத் திருப்பி எடுத்து வாருங்கள். இரயிலில் துணிகளுக்கு நடுவே சுற்றி வைத்தால் அதிர்ச்சி தாக்காது. வட்டின்மேல் தேதியையும், எந்தக் கோப்பு முறைமை என்பதையும் தமிழில் எழுதி ஒட்டுங்கள். ஊரிலுள்ளவர் அதை விண்டோஸ் பொறியில் செருகினால், அது படிக்கத் தெரியாமல் ‘புதிதாக வடிவமைக்கலாமா?’ என்று கேட்கும். ‘ஆம்’ என்று அழுத்திவிடாதீர்கள் என்றும் அதிலேயே எழுதிவிடுங்கள். நமது தங்கை வீட்டில் ஒருமுறை ஏறக்குறைய அழுத்திவிட்டார்கள்.

திருப்பி எடுத்து வந்த வட்டை வெறுமே அடுக்கி வைக்காமல், பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். பார்த்து முடித்தபின் முறையாக விடுவித்து, வட்டின் விளக்கு நின்ற பிறகு கம்பியை எடுங்கள். பாட்டியாரின் தாலாட்டில் எஞ்சிய பத்து நிமிடங்கள் இப்பொழுது இரண்டு முறைமைகளில், மூன்று வட்டுகளில், இரண்டு ஊர்களில் இருக்கின்றன. சென்ற மாதச் சோதனையிலும் பிழை இல்லை என்றே வந்தது.